சரி, வரேன்

போலிக் காதல் கடிதத்தை அதன் முதல் வரியிலேயே, சில சமயம் முதல் சொல்லுக்கு முன்னால் விட்டிருக்கும் இடைவெளியிலேயே, மோப்பம் பிடித்துவிடும் ஆற்றல் மனித குலத்தில் இதுவரை ஒரே ஒருவனுக்குத்தான் வாய்த்திருக்கிறது. அவன் மதிய ஷிப்டில், கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், கழிவறைக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறான். இதைச் சொன்னது அவனேதான். மறுப்பதற்கு யாரும் மெனக்கெடாததால் அது உண்மையாகவே நிலைத்துவிட்டது.

அலுவலகத்தில் அவனை வடிகட்டி என்று கூப்பிட்டார்கள். வேலையும் அதுதான். ஊரில் பறக்கும் மின்னஞ்சல்களில் சந்தேகமானவற்றை இயந்திரம் பிடித்து நிறுத்தும். இயந்திரத்துக்கே குழப்பமானவை மட்டும் மனிதர்களின் திரைக்கு வரும். திரையில் இரண்டு பொத்தான்கள். ஒன்றில் 'விடு' என்றிருக்கும், மற்றதில் 'புதை'. விட்டால் கடிதம் உரியவருக்குப் போகும், புதைத்தால் எவருக்கும் போகாது. "இன்னைக்கு எத்தனை புதைச்சே?" என்பதுதான் அங்கே குசல விசாரிப்பு. புதிதாகச் சேர்பவர்கள் முதல் வாரம் கொஞ்சம் மிரள்வார்கள், பிறகு அவர்களும் விசாரிப்பார்கள்.

காதலர் தினம் நெருங்கும்போது தனியாக இருப்பவர்கள் மீது உலகத்துக்கே அன்பு பொங்கும். கப்பல் கேப்டன்கள், மனைவியை இழந்த எலும்பு மருத்துவர்கள், போர்முனையில் பூனைக்குட்டி வளர்க்கும் தளபதிகள் என்று சகலரும் கடிதம் போடுவார்கள். வடிகட்டி அவற்றை உரக்கப் படிப்பான். பக்கத்து மேசை அக்கா வேறு வழியில்லாமல் கேட்பார். அக்கா அவனுக்கு உறவெல்லாம் இல்லை. அந்த அறையில் அவனைவிட அதிக காலம் வெயில் படாமல் இருந்தவர், அவ்வளவுதான்.

"கேளுங்கக்கா. 'என் இருதயத்தின் சர்க்கரையே, தாங்கள் நலமாக இருப்பதாக நம்பிக்கை கொள்கிறேன். தங்கள் கண்கள் எனக்குள் பதிவிறக்கம் ஆகிவிட்டன.'"

"புதைடா."

"புதைக்கத்தான் போறேன். பாடத்தைக் கவனிங்க. சர்க்கரைன்னு கூப்பிட்டவன் அடுத்த வாயில தாங்கள்ங்கிறான். காதலிக்கிறவனுக்கு மரியாதை குறையும்க்கா. ஏமாத்துறவனுக்குத்தான் ஏறும்."

"பெரிய அனுபவஸ்தன். உனக்கு ஒருத்தியாவது லெட்டர் போட்டிருக்காளா?"

"போடலையே. அதான் நடுநிலையோட இருக்க முடியுது."

சில கடிதங்கள் இரண்டாம் முறை வரும்போது, முதல் கடிதத்துக்கு ஏமாந்தவர் எழுதிய பதிலும் அடியில் தொங்கிக்கொண்டு வரும். வடிகட்டிக்கு அதுதான் விருந்து. அந்த வாரம் ஒரு பதிலைப் படித்துவிட்டு நாற்காலி பின்னால் சாயும் அளவுக்குச் சிரித்தான். 'நீங்க பொய்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் நாளைக்கும் எழுதுங்க' என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

"தெரியாம விழுறவனை மன்னிச்சிடலாம்க்கா. தெரிஞ்சே பதில் போடுற ஜென்மத்தை எந்தக் கணக்குல சேர்க்கிறது?"

அக்கா சிரிக்கவில்லை. "ஒரு வாரம் யாருமே உன்கிட்ட பேசாம இருந்து பாரு. அப்புறம் வந்து கணக்குச் சொல்லு."

அன்று விளக்கு வைக்கும் நேரத்துக்கு அந்தக் கடிதம் வந்தது.

'சாப்டியா? நின்னுக்கிட்டே சாப்பிடாத. உக்காந்து சாப்பிடு. வேற ஒண்ணும் இல்ல. சரி, வரேன்.'

அவ்வளவுதான். புகைப்படம் இல்லை, அழுத்தச் சொல்லி நீலச் சுட்டி இல்லை, சிக்கலில் மாட்டிக்கொண்ட வங்கிக் கணக்கு இல்லை, தாங்களும் இல்லை. பிழைகூட இல்லை. ஒவ்வொரு கடிதத்தையும் எதற்காகப் பிடித்தேன் என்று இயந்திரம் ஓரத்தில் ஒரு வரி எழுதும். இதில் அந்த இடம் காலியாக இருந்தது. அனுப்பியவர் பெயர் வரவேண்டிய இடமும் காலி. அந்தக் காலி அழித்துவிட்ட காலி மாதிரி இல்லை. இப்போதுதான் ஒருவர் எழுந்து போன நாற்காலியில் கை வைத்தால் சூடு தெரியுமே, அந்த மாதிரி இருந்தது.

பெறுபவர் முகவரியைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அது அவனுடைய அண்ணனின் முகவரி.

அண்ணன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு இன்னொரு பிரேக்கை மிதிக்கும் வேலை. அண்ணி கோபித்துக்கொண்டு போய், பிறகு கோபம் தீர்ந்தும் திரும்பி வராமல் இருந்துவிட்டாள். அதிலிருந்து அண்ணன் அடுப்பு முன்னால் நின்றபடியே சட்டியிலிருந்து நேராகச் சாப்பிடுகிறவனாக மாறியிருந்தான். ஒரே வீட்டில் இருந்தாலும் தம்பிக்கும் அண்ணனுக்கும் ஷிப்ட் ஒத்துப்போகாது. தம்பி வீடு திரும்பும்போது அண்ணன் பாதித் தூக்கத்தில் இருப்பான்.

நின்றுகொண்டு சாப்பிடுவது கடிதக்காரனுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வடிகட்டிக்கு வராமல் இல்லை. வந்தது. தனியாக இருக்கும் ஆண்பிள்ளைகள் எல்லோரும் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறார்கள், இதை ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை என்று அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டான். சுட்டி இல்லாத கடிதத்தால் என்ன கெட்டுவிடும்? வீட்டிலேயே ஒரு நாடகம் இலவசமாகப் பார்க்கலாம்.

'விடு'வை அழுத்தினான்.

அன்று வீட்டுக்குப் போனபோது அண்ணன் மேசையில் உட்கார்ந்து, தட்டில் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"என்னண்ணா இது, அடுப்படி ஏங்கிப்போயிடப் போகுது."

"வாயை மூடிட்டு உக்காரு." அண்ணனின் வலது கால் தரையில் ஒருமுறை அழுந்தியது. பேச்சு வேகமெடுத்தால் அவனுக்குக் கால் தானாகப் பிரேக் போடும். "ஒரு மெயில் வந்துச்சுடா. சாப்டியான்னு கேட்டிருக்கு."

"கேட்டிருக்கானா, கேட்டிருக்காளா?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தான். "கேட்டிருக்கு."

"சரி, நீ என்ன போட்டே?"

"சாப்டேன்னு போட்டேன். ஒரு மரியாதைக்கு."

வடிகட்டி உதட்டைக் கடித்துக்கொண்டு தன் அறைக்குப் போனான். படுத்த பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனின் கைபேசி மெல்ல 'டிங்' என்றது. அண்ணன் சிரித்தான். மறுபடி டிங், மறுபடி சிரிப்பு. வடிகட்டியும் போர்வைக்குள் சிரித்தான். நாளைக்கு அக்காவிடம் நடித்துக்காட்ட வேண்டும். தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில் அண்ணன் இன்னொரு முறை சிரித்தான், அதற்குப் பிறகுதான் 'டிங்' கேட்டது. அப்படித்தான் கேட்டதா என்று அவன் கொஞ்ச நேரம் விழித்துக் கிடந்தான். குளியலறைப் பக்கமிருந்து, துவைத்து வாளியிலேயே மறந்துபோன துணியின் வாடை வந்துகொண்டிருந்தது. காலையில் பார்த்தபோது வாளி காய்ந்து கிடந்தது.

மறுநாளிலிருந்து அந்தக் கடிதம் எல்லோருக்கும் வர ஆரம்பித்தது.

ஓய்வு பெற்ற தபால்காரருக்கு வந்தது. மருத்துவமனை ஆயா ஒருவருக்கு வந்தது. மகன் வெளிநாட்டில் இருக்கும் தையற்காரிக்கு வந்தது. ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாகக் கேட்டது. 'கால் வீக்கம் வடிஞ்சுதா?' 'அந்தப் பக்கத்து ஜன்னல் கொக்கி இன்னும் ஆடுதா?' 'ரேடியோவைப் போட்டுட்டே தூங்கிடாத.' கடைசியில் மட்டும் எல்லாவற்றிலும் ஒன்றுதான். 'சரி, வரேன்.' வடிகட்டி உரக்கப் படிக்க ஆரம்பித்தான், மூன்றாவது கடிதத்தில் குரல் இறங்கியது, பிறகு மனதுக்குள் படித்தான். இவற்றில் கேலி செய்வதற்கு எதுவுமே இல்லை. கேலிக்கு ஒரு பிடி வேண்டும். இவை வழவழவென்று இருந்தன. புதைக்கவும் காரணம் கிடைக்காததால் ஒவ்வொன்றாக விட்டான்.

இரண்டாம் கடிதங்களில் பயணச் செய்தி சேர்ந்துகொண்டது. 'பாலம் தாண்டியாச்சு. சரி, வரேன்.' 'உங்க ஏரியா பஸ் கிடைச்சிடுச்சு. சரி, வரேன்.' அடியில் பதில்கள் தொங்கின. தபால்காரர், 'சரிப்பா, வா.' ஆயா, 'சரி சாமி, வாங்க.' தையற்காரி, 'வா கண்ணு.'

யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள். ஒருவர் விடைபெறும்போது 'போறேன்' என்று நம் வாயில் வராது. 'வரேன்' என்போம். எதிரில் இருப்பவர் 'சரி, வா' என்பார். அதற்குப் பொருள் போய் வா என்பதுதான். பேச்சு முடிந்தது, கதவைச் சாத்தலாம்.

அவன் தையற்காரியின் பதிலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மற்ற கடிதங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான்.

"அக்கா. இந்த 'வா'ன்னு பதில் போட்டவங்களுக்கெல்லாம் மூணாவது கடிதமே வரலை, பாத்தீங்களா?"

எந்த அஞ்சல்பெட்டி கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்று பார்க்கும் அனுமதி அக்காவுக்கு உண்டு. பார்த்தார். ஒவ்வொன்றாக. அவருடைய நாற்காலிச் சக்கரம் கிறீச்சிட்டது, பிறகு அதுவும் அடங்கியது.

"பதில் போட்டதுக்கப்புறம் ஒருத்தரும் திறக்கலைடா."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தர்கூட. துணை கிடைச்சிருச்சோ என்னவோ." வேடிக்கையாகச் சொல்ல நினைத்திருப்பார். அப்படி வரவில்லை.

"அக்கா, அது விடைபெறலக்கா."

"என்ன?"

"வரேன்னு சொல்லுதே. அது கிளம்புறேன்னு சொல்லல. வரேன்னுதான் சொல்லுது. இவங்க எல்லாரும்..." அவன் திரையைச் சுட்டிக்காட்டினான். "இவங்க எல்லாரும் வான்னு சொல்லிட்டாங்க."

அண்ணனின் முகவரியைத் தேடினான். இருந்தது. காத்திருக்கும் கடிதங்களில் மேலாக இருந்தது.

'உங்க தெருவுல திரும்பிட்டேன். சரி, வரேன்.'

அடியில் அண்ணனின் பதில்கள். 'சாப்டேன்.' 'ம்.' 'நீ சாப்டியா?' பிறகு நேற்று, படுத்த பிறகு எழுதியது.

'சரி வா.'

புதைத்தான். திரையிலிருந்து போனது. மறுபடி வந்தது. புதைத்தான். வந்தது. 'மாடிப்படி விளக்கு எரியலையே' என்று ஒரு வரி கூடியிருந்தது.

அண்ணனைக் கைபேசியில் கூப்பிட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அண்ணன் எடுத்தான்.

"என்னடா, வேலை நேரத்துல?"

"அண்ணா, அந்த மெயிலுக்கு இனிமே பதில் போடாத. அது போலி."

"தெரியும்டா."

"தெரியுமா?"

"நான் என்ன கேனையனா? முகம் தெரியாதது என்கிட்ட வந்து சாப்டியான்னு கேக்குது. பொய்யாத்தான் இருக்கும்." அண்ணன் மெல்லச் சிரித்தான். "பொய்யாவாவது கேக்குதே. நீ என்னைக்குடா கேட்ட?"

தம்பி, அதை நான்தான் அனுப்பிவைத்தேன் என்று சொல்ல வாய் திறந்தான்.

"இரு, யாரோ கதவைத் தட்டுறாங்க."

"அண்ணா, திறக்காத. அண்ணா!"

கைபேசியை மேசையில் வைக்கும் சத்தம். கதவு தட்டுவது அவனுக்கே கேட்டது. பொறுமையான தட்டல். அண்ணன் உள்ளிருந்து குரல் கொடுத்தான், யாராக இருந்தாலும் கொடுக்கும் குரல்தான்.

"வரேன், வரேன்!"

கதவுக்கு வெளியே இருந்து, மிக அருகில், அன்பாக:

"வா."

அவன் எழுந்து ஓடினான். அக்கா என்னவோ கேட்டார். தெருவில் கடைகளெல்லாம் சிவப்புப் பலூன் கட்டியிருந்தார்கள், மறுநாள் காதலர் தினம். பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது, ஏறுகிறவர்கள் சில்லறை தேடினார்கள், நடத்துநர் யாருடனோ வாயாடினார், ஜன்னல் கண்ணாடி முழுக்க ஆள் இல்லாத இடத்தில்கூட மூச்சின் ஆவி படிந்திருப்பது போல அவனுக்குத் தோன்றியது. துடைத்தான். வெளிப்பக்கம் படிந்திருந்தது.

வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. அண்ணனின் செருப்பு வாசலில் இல்லை. மேசையில் இரண்டு தட்டுகள். ஒன்றில் பாதி சாப்பாடு. இன்னொன்று கழுவித் துடைத்தது போல் சுத்தம், ஓரத்தில் மட்டும் ஈரம். அந்த வாடை. அண்ணனின் கைபேசி மேசையில் இருந்தது. அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதைக் காதில் வைத்தான். அவனுடைய மூச்சே அவனுக்குக் கேட்டது. கொஞ்சம் தாமதமாக.

காவல் நிலையத்தில் புகாரை எழுதிக்கொள்ளக்கூட இல்லை.

"உங்க அண்ணன் என்ன, சின்னப் பிள்ளையா? நாளைக்குக் காதலர் தினம் வேற," என்றார் எழுத்தர். "வந்துடுவாரு. போங்க தம்பி."

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. அக்கா இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாம் முறை கூப்பிடவில்லை. அண்ணியைக் கூப்பிட்டான். மணி அடித்து நின்றது. பயிற்சிப் பள்ளியில், "வந்தா நாங்களே சொல்றோம்ங்க" என்றார்கள். அதன் பிறகு கூப்பிட ஆள் யாரும் மிச்சமில்லை என்பது அவனுக்கே புதிய செய்தி. அறைக்கும் கூடத்துக்கும் நடந்தான். குழாயைத் திறந்தான், மூடினான். தெருவில் போகும் ஒவ்வொரு காலடிக்கும் ஜன்னலுக்கு ஓடினான். ரோஜாவோடு யாரோ, அவ்வளவுதான். காலையில் கையில் எடுத்த ரொட்டித் துண்டு பொழுது சாயும் வரை கையிலேயே இருந்தது. அண்ணனின் தட்டை அவன் கழுவவில்லை. அதில் ஈ உட்காரவில்லை என்பதைக் கவனித்தான். கவனிக்காமல் இருந்திருக்கலாம்.

இருட்டத் தொடங்கியபோது அவனுடைய கைபேசி 'டிங்' என்றது.

அண்ணனின் முகவரியிலிருந்து.

'சாப்டியாடா? தெருமுனையில நிக்கிறேன். சரி, வரேன்.'

அண்ணனின் கைபேசி அவனுக்கு எதிரே மேசையில் கிடந்தது. சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது.

அவன் படித்தான். தொழில் முறைப்படி படித்தான். அண்ணனுக்குக் காற்புள்ளி வைக்கத் தெரியாது. அண்ணன் அவனை ஒருநாளும் சாப்டியா என்று கேட்டதில்லை. அண்ணன் மின்னஞ்சலில் அவனுக்கு எதையும் எழுதியதில்லை. முதல் வரியிலேயே தெரிந்தது. முதல் சொல்லுக்கு முன்னாலேயே தெரிந்தது. இது அண்ணன் இல்லை.

புதைக்க வேண்டும். இந்தத் திரையில் அந்தப் பொத்தான் இல்லை.

இன்னொரு 'டிங்'.

'கீழ நிக்கிறேன்டா. இருட்டா இருக்கு.'

ஒருவேளை அண்ணனாக இருந்தால்? இல்லை. தெரியும். நிச்சயமாகத் தெரியும். கீழே இருட்டாகத்தான் இருந்தது. மாடிப்படி விளக்கு எரியாமல் எத்தனையோ நாளாகிறது. யாராவது இருட்டில் நின்றுகொண்டிருந்தால், நின்றுகொண்டே இருந்தால், இவன் பேசாமல் இருந்தால்.

'சாப்டியா?'

"இல்லை," என்று வாய்விட்டுச் சொன்னான். அவனுக்கே கேட்காத குரல்.

பிறகு உட்கார்ந்து, இரண்டு எழுத்துகூட இல்லாத பதிலை எழுதினான். பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தான். அனுப்பினான்.

'வா.'

மாடிப்படியில் காலடி கேட்கும் என்று காத்திருந்தான். கேட்கவில்லை. கதவு தட்டப்படும் என்று காத்திருந்தான். இல்லை. ஈரத்துணி வாடை மட்டும் அடர்ந்து வந்தது. எழுந்தான். தாழ்ப்பாளை நீக்கினான். கதவைத் திறந்தான்.

யாரும் இல்லை.

செருப்புகள் இருந்தன. ரப்பர் செருப்பு. குதிகால் தேய்ந்த தோல் செருப்பு. மருத்துவமனையில் போடும் வெள்ளைச் செருப்பு. பூப்போட்ட, சின்ன, பெண்பிள்ளைச் செருப்பு. ஒவ்வொரு படியிலும் ஜோடி ஜோடியாக, ஒழுங்காக, நனைந்து, கீழே படி திரும்பும் இடம் வரை. அதற்கும் கீழே. எல்லாம் வீட்டைப் பார்த்தபடி. மேல்படியில் அண்ணனுடையது.

செருப்பு வெளியே கிடந்தால், ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

அவனுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இழுபட்டது.

இன்னொன்று இழுபட்டது. வீட்டில் இருப்பதே இரண்டு நாற்காலிதான்.

மூன்றாவது இழுபட்டது. நான்காவது. அதற்கடுத்தது. யாரோ உட்கார இடம்விட்டு நகர்ந்துகொள்வது போல, அவசரமில்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக.